பட்டியலும் வழக்கும்: பஞ்சமி நிலம் பற்றிய நூல்களை முன்வைத்து



பண்டிதர் அயோத்திதாசரின் நினைவைப் போற்றக் கூடியிருக்கும் இந்த அரங்கில், நூல்களை அடுக்கி எழுதுவதற்கும் நூல்களை விசாரித்து எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றிப் பேச விரும்புகிறேன். இது கல்லூரிக்குள் முடிந்துபோகிற விஷயம் என்று தோழர்கள் சிலர் நினைக்கலாம். நம் துண்டறிக்கை தாலுகா அலுவலகத்தில் நிற்குமா விழுமா என்பதுகூட இந்த வேறுபாட்டைப் பொறுத்தது என்பதே என் கருத்து. அதைப் பஞ்சமி நிலத்தை வைத்தே காட்ட முயல்கிறேன்.

ஆரணிப் பக்கத்து மாணவி ஒருவர் என்னைத் தேடி வந்தார். கும்மிடிப்பூண்டிக் கம்பெனி ஒன்றில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் தாயின் மகள். அவர் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். தன் ஊரைச் சுற்றியுள்ள பஞ்சமி நிலத்தைப் பற்றி ஆய்வு செய்கிறார். முதல் தொல்லை ஊர்ப் பெயரிலேயே தொடங்கியது. நூலகத்தில் ஆரணி என்று தேடினால் திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணிதான் வரும். பட்டும் ஜாகீரும் கோட்டையும் வரும். ஆரணியாற்றங்கரையில், பெரியபாளையத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில் இருக்கும் நம் ஆரணி வராது. திருவள்ளூர் மாவட்டம் என்று தேடினாலும் பழைய ஆவணம் கிடைக்காது. அந்த மாவட்டம் 1997இல்தான் பிறந்தது. அதற்கு முன் இந்தப் பகுதி செங்கல்பட்டு மாவட்டம். இதைக் கண்டுபிடிக்கவே அவருக்கு ஒரு பருவம் போயிற்று.

அடுத்த தொல்லையைச் சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. "அக்கா, முப்பது புக் படிச்சேன். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு வரி எழுதினேன். இது ரிவ்யூ இல்ல, வெறும் லிஸ்ட்டுன்னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. லிஸ்ட்டுக்கும் ரிவ்யூவுக்கும் என்னக்கா வித்தியாசம்? அத யாருமே சொல்ல மாட்டேங்கறாங்க."

எனக்கும் யாரும் சொல்லவில்லை. சமூகவியல் முதுகலையில் நான் எழுதிய ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயமும் அவர் எழுதியதைப் போலத்தான் இருந்தது. ஒவ்வொரு பத்தியும் ஒரு ஆசிரியர் பெயரில் தொடங்கி, "என்று கூறுகிறார்" என்று முடியும். புத்தகம் இருக்கிற வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் இப்படிப்பட்ட விதிகளைச் சாப்பாட்டு நேரப் பேச்சிலேயே கற்றுக்கொள்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குத் தவறிய பிறகுதான் விதி இருந்ததே தெரிகிறது. ஆகவே அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம்.

இரண்டும் இரண்டு வேலை

முதலாவது, குறிப்புரை நூற்பட்டியல். ஒரு பொருளைப் பற்றிய நூல்களை ஆசிரியர் பெயர் வரிசையிலோ ஆண்டு வரிசையிலோ அடுக்கி, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகள் எழுதுவது. நூல் எதைச் சொல்கிறது, எந்தச் சான்றுகளைப் பயன்படுத்துகிறது, நமக்கு எதற்கு உதவும் என்பது அந்தக் குறிப்பில் இருக்கும். ஒவ்வொரு நூலும் அதனதன் கட்டத்துக்குள் தனியாக இருக்கும். ஐந்தாம் எண் நூலுக்கு ஆறாம் எண் நூல் பக்கத்தில் இருப்பதே தெரியாது. ஒரு பதிவை எடுத்துவிட்டாலும் மற்றவை அப்படியே நிற்கும்.

இரண்டாவது, இலக்கிய மீளாய்வு. இங்கே 'இலக்கியம்' என்பது கதையோ கவிதையோ அல்ல. ஒரு பொருளைப் பற்றி முன்பு எழுதப்பட்ட ஆய்வுகள். தமிழ்த் துறைகளில் 'ஆய்வு முன்னோடிகள்' என்பார்கள். இதில் நூல்கள் ஒரு கேள்வியின் முன் கூட்டப்படுகின்றன. கேள்விதான் வரிசையைத் தீர்மானிக்கும். ஒரே நூல் மூன்று இடங்களில் வரலாம். முந்நூறு பக்க நூலுக்கு ஒரு வரியும், இருபது பக்கக் கட்டுரைக்கு ஒரு பக்கமும் கிடைக்கலாம். யார் யாரோடு உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், அந்த முரண் சான்றிலிருந்து வருகிறதா, சான்றை வாசித்த விதத்திலிருந்து வருகிறதா, எல்லாரும் கேட்க மறந்தது எது என்று எழுதுவதே மீளாய்வு. அதிலிருந்து ஒரு பத்தியை உருவினால் அடுத்த பத்தி சாய்ந்துவிடும்.

பட்டியல் என்பது வருகைப் பதிவேடு. மீளாய்வு என்பது ஊர்க் கூட்டத்தில் நடக்கும் வழக்கு. வழக்கில் எல்லாருடைய வாக்குமூலத்தையும் கேட்க வேண்டும். ஆனால் வாக்குமூலங்களை வரிசையாகப் படித்துவிட்டுக் கலைந்துபோனால் அது தீர்ப்பு ஆகாது.

பட்டியல்கள் செய்த காரியம்

இப்படிச் சொல்வதால் பட்டியல் மட்டமானது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் வரலாற்றில் பட்டியல்தான் பல குரல்களைக் காப்பாற்றியது.

தமிழில் அச்சான நூல்களுக்குக் குறிப்போடு கூடிய பெரிய பட்டியலை 1865இல் ஜான் மர்டாக் என்ற மிஷனரி சென்னையில் வெளியிட்டார். எந்த நூல்கள் மக்களிடம் புழங்குகின்றன என்று அறிவது சமயப் பணிக்கு அவசியம் என்பது அவர் கணக்கு. 1867இல் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் வந்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலும் அரசிடம் போய்ச் சேர வேண்டும், காலாண்டுதோறும் அதன் விவரம் அரசிதழில் வர வேண்டும் என்று ஆயிற்று. இன்னொரு பக்கம், இந்திய மொழிப் பத்திரிகைகளில் வருவதை மொழிபெயர்த்துச் சுருக்கி அதிகாரிகளுக்கு மட்டும் காட்டும் அறிக்கைகள் தயாராகின. இவையெல்லாம் ஆட்சி தன் வசதிக்காகவும் அச்சத்தாலும் செய்துகொண்ட பட்டியல்கள்.

ஆனால் பாருங்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தொடங்கி 1900 வரை நடத்திய 'பறையன்' இதழின் பிரதிகள் இன்று கிடைப்பது அரிது. அந்த இதழ் என்ன பேசியது என்பதை ஓரளவாவது அறிய அந்த அரசு அறிக்கைச் சுருக்கங்கள்தான் உதவுகின்றன. நம்மைக் கண்காணிக்க எழுதிய குறிப்பு, நம் குரலுக்குச் சாட்சியாகிவிட்டது.

பின்னால் நம் ஆட்களே இந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களையும் ஆவணங்களையும் தம் கையிலிருந்த காசைப் போட்டுச் சேர்த்து வைத்தார்கள். பண்டிதர் 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்', பிறகு 'தமிழன்' ஆன அந்த இதழின் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து, 1999இல் பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்டது. 1869 முதல் 1943 வரையிலான தலித் இதழ்களைத் தேடித் தொகுத்து ஜெ. பாலசுப்பிரமணியம் 2017இல் 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்ற நூலைக் கொடுத்தார். நமக்கு அச்சு மரபே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைக்க அந்த இதழ்ப் பெயர்களும் ஆண்டுகளுமே போதுமாக இருந்தன.

பட்டியலின் அருமை நமக்கு நன்றாகத் தெரியும். நாமே சட்டப்படி ஒரு பட்டியலில் இருக்கும் மக்கள். 1936இல் வெளியான அட்டவணை சாதிகள் ஆணை முதல் இன்றுவரை, பெயர் இருந்தால் உரிமை, பெயர் விட்டுப்போனால் ஒன்றுமில்லை. ஆனால் அகர வரிசையில் அடுக்கிய அந்தப் பட்டியலைப் படித்து, ஒரு சாதி ஏன் அதில் இருக்கிறது, யார் அதை அங்கே தள்ளினார்கள் என்று அறிய முடியாது. இருப்பதை அது உறுதி செய்கிறது. உறவை அது சொல்வதில்லை. நூற்பட்டியலும் அப்படித்தான்.

அம்பேத்கர் எழுதிய மீளாய்வு

மீளாய்வுக்கு நல்ல மாதிரி எது என்று மாணவர்கள் கேட்பார்கள். வெளிநாட்டுக் கையேடு எதையும் நான் காட்டுவதில்லை. 1916ஆம் ஆண்டு மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானுடவியல் கருத்தரங்கில், 25 வயது அம்பேத்கர் வாசித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரையைக் காட்டுகிறேன்.

அதன் தொடக்கப் பக்கங்களில் செனார், நெஸ்பீல்டு, ரிஸ்லி, கேத்கர் என்ற நால்வரின் சாதி வரையறைகளை அவர் எடுத்துக்கொள்கிறார். நால்வருக்கும் தலைக்கு ஐந்து வரி எழுதிவிட்டு நகர்ந்திருந்தால் அது பட்டியல். அவர் செய்தது வேறு. செனார் சொல்லும் தீட்டு, சாதியின் சாரமா என்று கேட்கிறார். இல்லை, அது புரோகிதத்தோடு ஒட்டியது என்கிறார். பிற சாதியோடு உண்ணாமை என்று நெஸ்பீல்டு சொல்வது விளைவைக் காரணமாக நினைத்த பிழை என்கிறார். ரிஸ்லியிடம் புதிதாக ஒன்றுமில்லை என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார். கேத்கர் மட்டும் சாதியை ஒரு அமைப்புக்குள் வைத்துப் பார்க்கிறார் என்று பாராட்டுகிறார். பாராட்டிய கையோடு, அவர் இரண்டாகச் சொல்லும் இலக்கணங்கள் உண்மையில் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள் என்று காட்டுகிறார். உறுப்பினருக்குப் பிறந்தவரே உறுப்பினர் என்பதும், வெளியே மணம் கூடாது என்பதும் ஒன்றுதான்.

எல்லாரையும் கேட்டு முடித்தபின் மிஞ்சி நிற்பது அகமணம். அங்கிருந்துதான் அம்பேத்கரின் சொந்த வாதம் பிறக்கிறது. மற்றவர்கள் எங்கே நின்றுவிட்டார்கள் என்று காட்டியபின் அவர் அடுத்த அடி வைக்கிறார். தனக்கு இடம் எங்கே என்று யாரிடமும் அவர் கேட்கவில்லை. மற்றவர்களை வாசித்த விதத்திலேயே அந்த இடத்தை உண்டாக்கிக்கொண்டார்.

நம் நிலம், நம் நூல்கள்

இனி ஆரணி மாணவியின் பொருளுக்கு வருவோம். அவர் பட்டியலில் இருந்த சில பதிவுகளைச் சுருக்கிச் சொல்கிறேன்.

ட்ரெமென்ஹீர், 1891. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்தவர் பறையர் நிலை குறித்து அரசுக்கு எழுதிய குறிப்பு. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் தயவில் இருப்பதையும், தரிசு நிலம் கேட்டாலும் கிடைக்காததையும் சொல்கிறது.

தர்மா குமார், 1965. பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சென்னை மாகாணத்தில் நிலமும் சாதியும் விவசாயத் தொழிலாளரும் பற்றிய நூல்.

யூஜின் இர்ஷிக், 1994. 1795 முதல் 1895 வரை செங்கல்பட்டுப் பகுதியைப் பற்றிய அறிவு எப்படி உருவாயிற்று என்ற ஆய்வு.

ராஜ் சேகர் பாசு, 2011. 1850 முதல் 1956 வரையிலான பறையர் வரலாறு.

ரூபா விஸ்வநாத், 2014. 'தி பறையா ப்ராப்ளம்'. சாதி, மதம், அரசு, நிலம் பற்றிய ஆய்வு.

இவற்றோடு, தமிழில் இயக்கங்கள் வெளியிட்ட துண்டறிக்கைகளும் சிறுநூல்களும்.

இது நல்ல பட்டியல். அவர் உழைப்பு அதில் தெரிகிறது. ஆனால் இது அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. அவர் என்னிடம் வாய்மொழியாகக் கேட்ட கேள்வி இதுதான்: "நிலம் கொடுத்தாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. எங்க ஊர்ல யார் கையிலயும் இல்லையே, ஏன்?" இந்தக் கேள்வியைத் தலைமாட்டில் வைத்து அதே நூல்களை மறுபடி வாசித்தோம்.

முதல் வழக்கு, நிலமின்மை எப்போது தொடங்கியது என்பது. நிலமற்ற கூலிகள் என்ற பெருங்கூட்டம் வெள்ளையர் ஆட்சியின் விளைவு என்று சுரேந்திர படேல் 1952இல் எழுதினார். தேசிய இயக்கப் பார்வைக்கு அது இனிப்பான செய்தி. தர்மா குமார் அதை மறுத்தார். வெள்ளையர் வருவதற்கு முன்பே சாதியால் நிலத்தோடு பிணைக்கப்பட்ட, நிலம் இல்லாத பெரும் மக்கள்தொகை தென்னிந்தியாவில் இருந்தது என்று காட்டினார். இவ்விருவரையும் தனித்தனிப் பதிவாக எழுதினால் ஒருவர் இன்னொருவருக்குப் பதில் சொல்கிறார் என்பதே மறைந்துபோகும். நமக்கோ அந்தப் பதில்தான் முக்கியம். நிலம் பறித்தவன் கடல் கடந்து வந்தவன் மட்டும்தானா, ஊருக்குள்ளேயே இருந்தானா என்ற கேள்வி அதில் அடங்கியிருக்கிறது.

இரண்டாம் வழக்கு, அரசு யார் பக்கம் நின்றது என்பது. ட்ரெமென்ஹீரின் குறிப்பை மட்டும் படித்தால் இரக்கமுள்ள ஆட்சியர் தெரிவார். இர்ஷிக், இந்த அறிவும் கருத்தும் ஆள்பவரும் ஆளப்படுபவரும் சேர்ந்து உருவாக்கியது என்கிறார். விஸ்வநாத் இன்னும் கூர்மையாகக் கேட்கிறார். அந்த உரையாடலில் மிராசுதாரருக்குக் கிடைத்த இடமும் பறையருக்குக் கிடைத்த இடமும் ஒன்றா? வருவாய் அதிகாரிகளும் நிலவுடைமைச் சாதியினரும் பின்னிக் கிடந்த கூட்டை அவர் சான்றுகளோடு விரிக்கிறார். வரி வசூல் குலைந்துவிடக் கூடாது என்ற கவலை, ஆணை இருந்தும் நிலம் கைக்கு வராமல் போனதற்குக் காரணங்களில் ஒன்று. உழைப்பையும் நிலத்தையும் பற்றிய சிக்கலை, மெல்ல மெல்லத் திருந்த வேண்டிய 'சமூக'ச் சிக்கலாக மாற்றிவிட்டார்கள் என்பது அவர் வாதம்.

மூன்றாவது, நம்மைச் சுடும் வழக்கு. 1892இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பஞ்சமி நிலச் சட்டம் இயற்றியது, பன்னிரண்டு லட்சம் ஏக்கர் கொடுத்தது என்று நம் துண்டறிக்கைகள் சொல்லிவருகின்றன. நானும் மேடையில் அப்படிப் பேசியிருக்கிறேன். ஆய்வு நூல்களோடு சேர்த்து வைத்துப் பார்த்தபோதுதான் அது தவறு என்று விளங்கியது. 1892 செப்டம்பர் 30 தேதியிட்ட 1010, 1010-ஏ எண்ணுள்ள வருவாய்த் துறை ஆணைகள் சென்னை மாகாண அரசின் ஆணைகள். அவை நாடாளுமன்றச் சட்டம் அல்ல. நில ஒப்படைப்பும் அந்த ஆண்டே கொட்டிக் கொடுத்ததல்ல. பிந்திய பத்தாண்டுகளில், குறிப்பாக 1920களில் தொழிலாளர் ஆணையர் துறை வழியாகவும், துண்டு துண்டாக நடந்தது. விற்கக் கூடாது, விற்றால் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனைகளுக்கு வருவாய் வாரிய நிலையாணை 15 அடிப்படை.

இதனால் நம் உரிமை குறைந்துவிடுகிறதா? இல்லை. வலுவாகிறது. "1892 சட்டப்படி நிலத்தைக் கொடு" என்று மனு எழுதினால், அப்படி ஒரு சட்டமே இல்லை என்று அலுவலர் ஒரே வரியில் தள்ளிவிடலாம். ஒப்படைப்பு ஆணை, நிலையாணை நிபந்தனை, யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே உள்ள டி.சி. என்ற குறிப்பு ஆகியவற்றைக் காட்டினால் அப்படித் தள்ள முடியாது. காரணை பஞ்சமி நிலத்துக்கான போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். அவர்கள் உயிர் கொடுத்த கோரிக்கையைத் தவறான வரியில் எழுதி வைக்க நமக்கு உரிமை இல்லை.

துண்டறிக்கை எழுதியவர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. நிலம் போயிற்று, கிராமக் கணக்கில் பெயர் மாறிற்று, யார் யார் பெயருக்கு மாறிற்று என்ற செய்திகள் அந்தத் துண்டறிக்கைகளில்தான் இருக்கின்றன. ஆங்கில நூல்களை எழுதியவர்கள் அதைத் தொடவில்லை. அவர்கள் எங்கே நின்றார்கள் என்பது அவரவர் தலைப்பிலேயே இருக்கிறது. தர்மா குமார் பத்தொன்பதாம் நூற்றாண்டோடு, இர்ஷிக் 1895ஓடு, பாசு 1956ஓடு. விஸ்வநாத்தின் விவாதமும் காலனியக் காலத்துக்குள்தான். கும்மிடிப்பூண்டியில் சிப்காட் வந்தபின், நெடுஞ்சாலை அகலமானபின், வயலெல்லாம் மனைப்பிரிவு ஆனபின் பொன்னேரி தாலுகாவின் டி.சி. நிலங்கள் என்ன ஆயின என்ற கேள்வி இவர்கள் எல்லாரும் நின்ற இடத்துக்கு அப்பால் தொடங்குகிறது. ஆய்வு இடைவெளி என்று கல்லூரியில் சொல்வது இதைத்தான். அந்த இடைவெளி அந்த மாணவியின் ஊரிலேயே இருந்தது. நூல்களை அடுக்கியபோது தெரியவில்லை, அவற்றை ஒன்றோடொன்று பேசவிட்டபோது தெரிந்தது.

இடைவெளி என்ற சொல்லும் அதிகாரமும்

இங்கே ஒரு எச்சரிக்கை. "இப்பொருளில் இதுவரை ஆய்வுகள் இல்லை" என்ற வாக்கியம் மீளாய்வின் கடைசியில் சாதாரணமாக வரும். அது மிகவும் அதிகாரம் வாய்ந்த வாக்கியம். பட்டியலை ஒழுங்காகச் செய்யாதவர் அதை எழுதினால், இருந்தவர் இல்லாதவர் ஆகிவிடுவார்.

பண்டிதருக்கே அது நேர்ந்தது. அவர் 1914இல் மறைந்தார். அதன்பின் பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டின் அரசியல் வரலாறு நூல் மேல் நூலாக எழுதப்பட்டது. ஒரு நூல் இன்னொன்றை மேற்கோள் காட்டிற்று, மறுத்தது, திருத்தியது. மீளாய்வுக்குக் குறையே இல்லை. ஆனால் அவற்றில் பெரும்பாலானவற்றில் பண்டிதர் இல்லை, இருந்தாலும் ஓர் அடிக்குறிப்பில் இருந்தார். 1990களில் வ. கீதா, எஸ்.வி. ராஜதுரை, அலாய்சியஸ் போன்றோரின் நூல்களும் 1999இன் தொகுப்பும் வந்தபின்தான் அவரை விட்டுவிட்டு எழுதுவது கடினமாயிற்று. பட்டியல் குறைபட்டால் மீளாய்வு எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக இருந்தாலும் மௌனத்தையே பெருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. நூல் இருக்கிறது என்று பட்டியலிட்டுப் பெருமைப்பட்டு நிறுத்திக்கொள்வது நம்மிடம் உள்ள பழக்கம். இன்ன ஆண்டு இன்ன இதழ் என்று ஒப்பிப்போம், அந்த இதழ்கள் தமக்குள் எதற்காகச் சண்டையிட்டன என்று கேட்க மாட்டோம். பண்டிதரும் இரட்டைமலை சீனிவாசனும் உறவினர்கள், சமகாலத்தவர். ஆனால் பறையன் என்ற பெயரையே ஒருவர் கொடியாகத் தூக்கினார், இன்னொருவர் பூர்வ பௌத்தர் என்ற பெயரைத் தேடிப் போனார். இருவர் படத்தையும் பக்கத்தில் மாட்டி மாலை போடுவது பட்டியல். அவர்களுக்குள் இருந்த வழக்கைத் திறந்து, இன்று நமக்கு அதில் என்ன இருக்கிறது என்று பேசுவது மீளாய்வு. அதற்கு நாம் கொஞ்சம் அஞ்சுகிறோம்.

பண்டிதர் அஞ்சவில்லை. 'இந்திரர் தேச சரித்திர'த்தில் அவர் மணிமேகலையையும் நிகண்டுகளையும் புராணங்களையும் செவிவழிக் கதைகளையும் ஒன்றுக்கொன்று எதிரே நிறுத்திக் குறுக்கு விசாரணை செய்கிறார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாவற்றையும் இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. அவரையும் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் நூல் சொல்வதால் உண்மை என்று நிற்காமல், எழுதியவர் யார், எதற்காக எழுதினார் என்று கேட்ட அந்தத் துணிவு நம் மரபு.

அவர் எழுதிய ஒரு செய்தியையே எடுத்துக்கொள்வோம். ஆரிங்டன் துரையிடம் வேலை பார்த்த தன் பாட்டனார் கந்தப்பன் வைத்திருந்த திருக்குறள் ஓலைச்சுவடிதான் எல்லிஸ் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று பண்டிதர் சொல்கிறார். இது இலக்கிய வரலாற்றுப் பட்டியலில் ஒரு பதிவு. அதே எல்லிஸ்தான் மிராசு உரிமை பழமையானது என்று நிறுவும் நூலை எழுதினார். அது 1818இல் சென்னையில் அச்சாயிற்று. இது நில வரலாற்றுப் பட்டியலில் ஒரு பதிவு. இரண்டு பட்டியல்களும் நூலகத்தில் வெவ்வேறு அலமாரிகளில் இருக்கின்றன. ஒரு மேசையில் வைத்துப் பாருங்கள். நம் வீட்டு ஓலையால் குறளைப் பெற்ற அதே கை, நம் மனையின் மேல் மிராசுதாரனுக்கு இருந்த உரிமைக்கு வரலாறு எழுதிக் கொடுத்தது. இந்த வாக்கியம் எந்தப் பட்டியலிலும் இருக்க முடியாது. இரண்டையும் சேர்த்து வாசிப்பவர்தான் எழுத முடியும்.

செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள். முதலில் பட்டியலைச் செய்யுங்கள், சுருக்க வழி தேடாதீர்கள். ஊரின் பழைய மாவட்டப் பெயர், பழைய தாலுகாப் பெயர் இரண்டிலும் தேடுங்கள். எழும்பூர் ஆவணக் காப்பகம், கன்னிமாரா நூலகம், ரோஜா முத்தையா நூலகம் மூன்றுக்கும் போங்கள். பொன்னேரியிலோ கும்மிடிப்பூண்டியிலோ மின்சார ரயில் ஏறினால் காலையில் போய் மாலையில் திரும்பிவிடலாம். துண்டறிக்கையையும், மனுவின் நகலையும், பெரியவர் சொல்லும் வாய்மொழியையும் ஆங்கில நூலுக்குச் சமமாகப் பதிவு செய்யுங்கள். ஆண்டு தெரிந்தால் எழுதுங்கள், யார் சொன்னது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பிறகு அந்தப் பட்டியலைக் கத்தரித்து ஒவ்வொரு பதிவையும் தனித்தாளாக்குங்கள். உங்கள் கேள்வியை ஒரு வரியில் எழுதி மேலே வையுங்கள். எந்தத் தாள் எந்தத் தாளுக்குப் பதில் சொல்கிறது என்று தரையில் பரப்பிப் பாருங்கள். ஒவ்வொரு பத்தியும் ஆசிரியர் பெயரில் தொடங்குகிறதா, கருத்தில் தொடங்குகிறதா என்று சரிபாருங்கள். பெயரில் தொடங்கினால் நீங்கள் இன்னும் பட்டியலில்தான் இருக்கிறீர்கள்.

மன்றத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆரணியாற்றங்கரை ஊர்களின் டி.சி. நிலம் பற்றி இதுவரை வந்த எழுத்து எதுவாக இருந்தாலும், கையெழுத்து மனு உட்பட, ஒரு குறிப்புரைப் பட்டியலாக நாம் சேர்ந்து செய்வோம். அது ஒரு ஆளால் ஆகாது. அடுத்த ஆண்டு இதே நாளில் அதை நடுவில் வைத்து விசாரிப்போம். அப்போது நம் துண்டறிக்கைகளில் உள்ள பிழைகளை நாமே திருத்துவோம். பிறர் திருத்தும்வரை காத்திருக்க வேண்டாம்.

அந்த மாணவி போன மாதம் அத்தியாயத்தைத் திருத்திக் கொண்டுவந்தார். முப்பது நூல்களில் பதினொன்றுதான் மிஞ்சியிருந்தன. முதல் பத்தியில் எந்த அறிஞர் பெயரும் இல்லை. பொன்னேரி தாலுகாவில் டி.சி. என்று எழுதப்பட்ட நிலம் எப்போது, யாருடைய ஆணையால், யார் பெயருக்கு மாறியது என்ற கேள்விதான் இருந்தது. இரண்டாம் பத்தியிலிருந்து ட்ரெமென்ஹீர் முதல் நம் ஊர்த் துண்டறிக்கை வரை எல்லாரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வரிசையில் நின்றிருந்தார்கள்.

ஜெய்பீம்.